டீன்... ஒரு சோக ஃப்ளாஷ்பேக்!

'டீன்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? அட்டெண்டன்ஸ் லிஸ்ட்டை கையில் வைத்துக்கொண்டு, ரூமுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பும் காலேஜ் டீன் ஞாபகம் வந்தால்... பாவம், உங்க கஷ்டம் புரியுது! ஆனால், நாம பேசப்போறது அவரைப் பத்தி இல்லை. தமிழில் எழுதும்போது ரெண்டு பேருக்கும் ஒரே 'டீ' அமைந்துவிட்டது, அவ்வளவுதான். இது டீன்-ஏஜில் வர்ற டீன்.

அந்த டீனுக்கு அச்சு அசலாக ஒரு டபுள் ஆக்ட் இருந்தது தெரியுமா? அதே எழுத்து, அதே உச்சரிப்பு. ஆனால் அர்த்தம், துன்பம்! வருத்தம், வேதனை, தொல்லை, மன உளைச்சல் எல்லாத்துக்கும் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் 'டீன்' என்ற ஒரே வார்த்தை போதும். இப்போது பெரிய அகராதிகளில் மட்டும், 'வழக்கொழிந்த சொல்' என்ற முத்திரையோடு ஒரு மூலையில் கிடக்கிறது.

"அதானே பார்த்தேன்! டீன்-ஏஜ்னாலே தொல்லைதான்னு வெள்ளைக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான் பாருங்க!" என்று உங்க அப்பா குஷியாகிவிடப் போகிறார். பத்திரிகையை கொஞ்சம் மறைச்சு வெச்சே படிங்க. விஷயம் என்னன்னா, இந்த ரெண்டு டீனும் சொந்தக்காரங்களே இல்லை. பிறந்த இடம் வேற, வளர்ந்த கதை வேற. ஆனாலும் ஒரு தடவை நேருக்கு நேர் சந்திச்சிருக்காங்க. அதுவும் ஜூலியட் வீட்டில்!

பிறக்கும்போதே காயம்

ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் பேசிய இங்கிலீஷை இன்றைக்கு லண்டன்காரர் கேட்டாலே தலை சுத்தும். அந்தப் பழைய ஆங்கிலத்தில் இந்த வார்த்தையின் பெயர் 'டேயொனா'. ஒருத்தர் இன்னொருத்தருக்குச் செய்யும் தீங்கு, கெடுதல், அவமானம் என்பதெல்லாம் அதன் அர்த்தம். அதாவது, துன்பம் உள்ளே இருந்து வருவதற்கு முன்னால், வெளியே இருந்து யாரோ தருவது. ஒரு அடி, ஒரு வசவு, ஒரு துரோகம்.

இதற்கு அக்கம்பக்கத்து மொழிகளில் அண்ணன் தம்பிகள் உண்டு. வடக்கே, வைக்கிங் கூட்டம் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'ட்யோன்' என்றால் இழப்பு, சேதம். இங்கிலாந்தில் தம்பி செத்துப்போயாச்சு. ஆனால், ஐஸ்லாந்தில் அண்ணன் இன்னும் கெட்டியாக இருக்கிறார். அந்த ஊரில் காரை எங்கேயாவது இடித்துவிட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதினால், சேதம் என்பதற்கு நீங்கள் எழுதவேண்டிய வார்த்தை 'ட்யோன்'தான். கவிஞர்கள் அழுத வார்த்தையின் அண்ணன், பம்பர் நசுங்கின கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்!

கிழிந்துபோன கடிதம்

இங்கிலாந்தில் தம்பிக்கு என்ன ஆச்சு? 14-ம் நூற்றாண்டுக்குள் 'டேயொனா' தேய்ந்து 'டேனெ' ஆனது. கூடவே அர்த்தமும் நகர்ந்தது. முதலில், அடுத்தவன் தந்த காயம். அப்புறம், அந்தக் காயத்தால் வரும் கோபம். அதற்கும் அப்புறம், கோபம் அடங்கின பிறகு தங்கிவிடும் சோகம். பழைய அர்த்தம் போய்ப் புது அர்த்தம் வந்தது என்று நினைக்காதீங்க. மூணும் ஒரே வார்த்தைக்குள் ரூம்மேட்ஸ் மாதிரி ஒன்றாகவே குடியிருந்தன.

இதற்கு சூப்பரான ஒரு சீன் உண்டு. வில்லியம் லாங்லண்ட் என்பவர் 14-ம் நூற்றாண்டில் எழுதிய நெடுங்கவிதை 'பியர்ஸ் ப்ளவ்மேன்'. பியர்ஸ் ஒரு உழவன். நேர்மையான உழைப்பாளி. அவனுக்கும் அவனைச் சேர்ந்தவர்களுக்கும் பாவமன்னிப்புக் கடிதம் வருகிறது. எல்லாருக்கும் சந்தோஷம். பக்கத்தில் நின்ற ஒரு பாதிரியார், "இங்கே கொடு, நான் படிச்சு சொல்றேன்" என்று வாங்கிப் பார்க்கிறார். உள்ளே இருப்பதோ ரெண்டே வரி. நல்லது செய்தால் நல்லது நடக்கும், கெட்டது செய்தால் கெட்டது நடக்கும். "இதில் மன்னிப்பே இல்லையே" என்கிறார் பாதிரியார். அவ்வளவுதான்! பியர்ஸ் அந்தக் கடிதத்தை ரெண்டாகக் கிழித்துப் போடுகிறான். ஏன் கிழித்தான் என்பதற்குக் கவிஞர் சொல்லும் காரணம் ஒரே வார்த்தை. 'டேனெ'!

அது கோபமா? ஏமாற்றமா? படித்தவர் முன்னால் பட்ட அவமானமா? வருத்தமா? அவன் ஏன் கிழித்தான் என்று அறிஞர்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகிறார்கள். பிற்பாடு கவிதையைத் திருத்தி எழுதியபோது இந்தக் கிழிக்கும் சீனையே எடுத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்குங்க! அன்றைக்குப் படித்தவனுக்கோ கோபமா வருத்தமா என்று பிரித்துக் கேட்கும் அவசியமே வந்திருக்காது. ரெண்டும் அந்த ஒரே வார்த்தையில் இருந்தது.

அதே காலத்து சாஸர் தன் 'நைட்ஸ் டேல்' கதையைக் கல்யாணத்தில் முடிக்கும்போது, அந்தத் தம்பதிக்கு நடுவில் பொறாமையோ வேறு எந்த 'டேனெ'யுமோ வந்ததில்லை என்று சுபம் போடுகிறார். இங்கே அது வீட்டுக்குள் வரும் மனக்கசப்பு.

ஜூலியட்டுக்கு வயசு என்ன?

அதற்கப்புறம் இங்கிலீஷ்காரர்களின் வாய்க்கு ஏதோ ஆகிவிட்டது. 1400-க்கும் 1700-க்கும் நடுவில் நெடில் உயிர் ஒலிகள் எல்லாம் ஒவ்வொரு படி ஏறி உட்கார்ந்தன. 'ஏ' என்று சொன்னது 'ஈ' ஆனது. காலைக் குறிக்கும் 'ஃபேட்', 'ஃபீட்' ஆனதும் இப்படித்தான். 'டேனெ'யும் அதே அலையில் 'டீன்' ஆனது. ஷேக்ஸ்பியர் கைக்கு வந்து சேர்ந்தது இந்த 'டீன்'தான்.

மனுஷர் விடவில்லை. 1593-ல் வெளியான 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' கவிதையில், காதல் தேவதை துரத்தித் துரத்திக் கெஞ்ச, தப்பித்தால் போதும் என்று நிற்கும் பையன் அடோனிஸ் தன் மனசு முழுக்க 'டீன்' என்கிறான். 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் பிள்ளைகளையும் பேரன்களையும் பறிகொடுத்துக்கொண்டே போகும் யார்க் கோமகள், எண்பது வயசைத் தாண்டிய பாட்டி, தன் வாழ்க்கையில் சந்தோஷத்தை மணிக்கணக்கிலும் 'டீனை' வாரக்கணக்கிலும் அளக்கிறாள். 'டெம்பெஸ்ட்' நாடகத்தின் மிராண்டாவுக்கு வயசு பதினைந்து பக்கம். ரெண்டு, ரெண்டரை வயசுக் குழந்தையாகத் தன்னையும் அப்பாவையும் ஓட்டைப் படகில் ஏற்றிக் கடலில் விட்ட கதையைக் கேட்டதும் அவளுக்குத் தன் கஷ்டம் ஞாபகம் வரவில்லை. அந்த நேரத்தில் அப்பாவுக்கு நான் எவ்வளவு 'டீன்' கொடுத்திருப்பேன் என்றுதான் நெஞ்சு துடிக்கிறாள்.

ஒரு டீன்-ஏஜ் பையன், ஒரு பாட்டி, ஒரு டீன்-ஏஜ் பொண்ணு. மூணு பேருக்கும் ஒரே வார்த்தை. துன்பத்துக்கு வயசு வரம்பு கிடையாது என்று அந்த வார்த்தைக்குத் தெரிந்திருந்தது.

இப்போ ஜூலியட் வீட்டுக்கு வருவோம். 'ரோமியோ அண்ட் ஜூலியட்' முதல் அங்கம், மூன்றாவது காட்சி. ஜூலியட்டுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்க வந்த அம்மா, பொண்ணுக்கு இன்னும் பதினாலு ஆகலையே என்கிறார். பக்கத்தில் அவளை வளர்த்த ஆயா. வாய் ஓயாத கேரக்டர். பதினாலு ஆகவில்லை என்பதற்கு என் பல்லில் பதினாலைப் பந்தயம் வைக்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டு, என் 'டீனை' என்னத்தச் சொல்ல, வாயில் இருக்கிறதே நாலுதான் என்று முடிக்கிறாள்!

தமிழில் சொன்னால் ஜோக் பாதி காணாமல் போகிறது. இங்கிலீஷில் பதினாலு என்பது 'ஃபோர்டீன்'. நாலோடு ஒரு 'டீன்'. ஆயா அந்த ஃபோர்டீனைப் பிய்த்து, நாலைப் பல்லுக்கும் டீனைத் தன் சோகத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டாள். வயசின் டீனும் துன்பத்தின் டீனும் கைகுலுக்கியது இங்கேதான்.

தியேட்டரில் எல்லாரும் சிரித்திருப்பார்கள். ஆனால், கதை தெரிந்த நமக்குக் கொஞ்சம் உதறும். ஷேக்ஸ்பியர் கையாண்ட மூலக்கதை 1562-ல் ஆர்தர் ப்ரூக் எழுதிய கவிதை. அதில் ஜூலியட்டுக்குப் பதினாறு நெருங்குகிறது. பதினாலுகூட ஆகாதவளாக வயசைக் குறைத்தவர் ஷேக்ஸ்பியர். ஜூலை 31 ராத்திரி அவளுக்குப் பதினாலு பிறக்கும். அதற்கு இன்னும் ரெண்டு வாரமும் சில நாட்களும்தான் பாக்கி என்று அதே சீனில் கணக்கும் வந்துவிடுகிறது. நாடகத்தின் மொத்தக் கதையும் ஒரு ஞாயிறு தொடங்கி அதே வாரத்துக்குள் முடிகிறது. அவள் அந்தப் பிறந்த நாளைப் பார்க்கவே இல்லை.

வேலையைப் பறித்த வெளியூர்க்காரர்கள்

இவ்வளவு அழகான வார்த்தை ஏன் செத்துப்போச்சு? கொலையெல்லாம் இல்லை. வேலை பறிபோனது, அவ்வளவுதான்.

1066-ல் நார்மண்டியில் இருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனை, கோர்ட், கணக்குவழக்கு எல்லாம் பிரெஞ்சு மயம். அடுத்து வந்த நூற்றாண்டுகளில் பிரெஞ்சு வார்த்தைகள் மூட்டை மூட்டையாக இங்கிலீஷில் வந்து இறங்கின. துன்பத்துக்கு மட்டும் எத்தனை! அதில் ஹீரோ, 'ட்ரபிள்'. இதன் வேர் லத்தீன். அடியில் கிடந்த சேறெல்லாம் மேலே வந்து தண்ணீர் கலங்கிப்போவதைச் சொல்லும் வார்த்தை அது. நாம "மனசு கலங்கிப்போச்சு" என்கிறோமே, அதே குட்டைதான்! அடுத்து 'க்ரீஃப்'. இதன் லத்தீன் வேருக்குக் கனம் என்று பொருள். நம்ம ஊரிலும் மனசு பாரமாகத்தானே இருக்கும்? காயத்துக்கு 'இன்ஜுரி', சேதத்துக்கு 'டேமேஜ்' என்று ஆளாளுக்கு ஒரு டிபார்ட்மென்ட்டைப் பிடித்துக்கொண்டார்கள்.

கோபத்துக்கு? இங்கேதான் செம ட்விஸ்ட். 'ஆங்கர்' என்ற வார்த்தை வைக்கிங்காரர்களிடம் இருந்து வந்தபோது அதற்குக் கோபம் என்றே அர்த்தம் இல்லை. நெருக்கடி, வேதனை, துக்கம்! நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது. இங்கிலாந்துக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறிக் கோபமாக மாறியது. அதாவது, காயத்தில் தொடங்கிக் கோபம் வழியாகத் துக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது டீன். துக்கத்தில் தொடங்கிக் கோபத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆங்கர். எதிரெதிர் பஸ்ஸில் போன ரெண்டு பேர், நடுவில் ஒரே டீக்கடையில் இறங்கின மாதிரி!

இப்படி மூணு வேலையையும் மூணு பேர் எடுத்துக்கொண்டதும் டீனுக்கு ஊரில் வேலை இல்லை. ஷேக்ஸ்பியருக்கு அப்புறம் வடக்கத்தி வட்டாரப் பேச்சிலும், பழைய வார்த்தைகள் மேல் ஆசை வைத்த கவிஞர்களிடமும் கொஞ்ச காலம் ஒண்டிக்கொண்டு இருந்துவிட்டு, அகராதிக்குள் போய்ப் படுத்துவிட்டது.

காலியான சீட்டில் ஒரு புதுமுகம்

ஒருத்தர் எழுந்த சீட்டில் இன்னொருத்தர் உட்காருவது பஸ்ஸில் மட்டும் நடப்பதில்லை. 'தர்டீன்' முதல் 'நைன்டீன்' வரை வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் டீனுக்குப் 'பத்தோடு சேர்த்து' என்று அர்த்தம். நம்ம 'பதின்' மாதிரி. ஆனால் கணக்கு கொஞ்சம் இடிக்கும். நமக்குப் பதினொன்றிலேயே 'பதின்' வந்துவிடுகிறது. பத்தொன்பதில் காணாமல் போய்விடுகிறது. இங்கிலீஷில் பதினொன்றும் பன்னிரண்டும் டீனில் சேர்த்தி இல்லை. 'இலெவன்' என்றால் பத்து போக ஒன்று மிச்சம், 'ட்வெல்வ்' என்றால் ரெண்டு மிச்சம் என்று பழைய அர்த்தம்.

17-ம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த வால் தனியாகக் கழன்று, 'டீன்ஸ்' என்று நடமாட ஆரம்பித்தது. 1747-ல் டேவிட் கேரிக் 'மிஸ் இன் ஹெர் டீன்ஸ்' என்று ஒரு காமெடி நாடகமே போட்டார். ஆனாலும் 'டீனேஜர்' என்ற ஆள் பிறக்க இன்னும் ரெண்டு நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலை கிடைக்காத பிள்ளைகள் பெருவாரியாக ஹைஸ்கூலிலேயே தொடர்ந்தார்கள். முதல்முறையாக அந்த வயசுக்காரர்கள் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே கூட்டமாக. 1940-களில் 'டீனேஜர்' என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது. 1944-ல் அவர்களுக்கென்றே 'செவன்டீன்' பத்திரிகை வந்தது. 1945 ஜனவரியில் 'நியூயார்க் டைம்ஸ் மேகஸின்' டீன்-ஏஜ் பிள்ளைகளின் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் போட்டது. தப்பு செய்து தானே கற்றுக்கொள்ளும் உரிமை, தன் வாழ்க்கையைப் பற்றித் தானும் ஒரு வார்த்தை சொல்லும் உரிமை, விதிகளைத் திணிக்காமல் விளக்கிச் சொல்லக் கேட்கும் உரிமை... வீட்டில் ஒட்டி வைக்கலாம் போல இருக்கா?

இன்னொரு பக்கம், 1904-லேயே அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டான்லி ஹால் இந்த வயசைப் புயலும் கொந்தளிப்புமான பருவம் என்று ரெண்டு தடித்தடி வால்யூமில் எழுதிவிட்டார். 'டீன்-ஏஜா? தொல்லைதான்' என்ற பெரியவர்களின் பாட்டுக்கு அதுவே பக்கவாத்தியம் ஆகிவிட்டது. 1999-ல் ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் இந்த வாதங்களை எல்லாம் திரும்ப அலசிப் பார்த்தார். பெற்றோரோடு சண்டை, மூட் மாறுவது, ரிஸ்க் எடுப்பது எல்லாம் மற்ற வயசைவிட இந்த வயசில் அதிகம் என்பது நிஜம். ஆனால் எல்லாருக்கும் அப்படித்தான் என்பது நிஜமில்லை என்பது அவர் முடிவு.

ஆக, செத்துப்போன டீனுக்கும் டீன்-ஏஜுக்கும் ரத்த சம்பந்தம் இல்லை. அப்பா கேட்டால் தைரியமாகச் சொல்லுங்க!

நமக்கு என்ன நஷ்டம்?

ஒரு இங்கிலீஷ் வார்த்தை செத்தால் நமக்கென்ன என்கிறீர்களா? இருக்கு. கோபத்தையும் சோகத்தையும் ரெண்டு ரூமில் பிரித்து வைத்ததில் ஒரு உண்மை வெளியே நின்றுவிட்டது. ரெண்டும் ஒரே காயத்தில் இருந்து வரலாம் என்ற உண்மை.

தமிழுக்கும் இது தெரிந்திருந்தது. 'துனி' என்று ஒரு பழைய சொல். டீனுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனால், தமிழ் அகராதியைப் பிரித்தால் அதற்கும் கோபம், வெறுப்பு, துன்பம் என்று எல்லாம் வரிசையாக நிற்கும். காதலர்களின் ஊடல் எல்லை மீறி நீண்டுபோனாலும் துனிதான். திருக்குறளின் புலவி அதிகாரத்தில் வருகிறது. அதுவும் இன்று பேச்சில் இல்லை. ஆனால் ஆள் மாறினாலும் வேலை நிற்கவில்லை. 'வயிற்றுக்கடுப்பு' என்றால் வலி. "அவனைப் பார்த்தாலே கடுப்பாகுது" என்றால் கோபம். "என்னை டென்ஷன் பண்ணாதே" என்றால் கோபம் வருகிறது என்று அர்த்தம். "ஒரே டென்ஷனா இருக்கு மச்சி" என்றால் உள்ளுக்குள் ஏதோ அழுத்துகிறது என்று அர்த்தம். டீன் பார்த்த வேலையை நம்ம ஹாஸ்டலில் இப்போது பார்ப்பது இந்த டென்ஷன்தான்!

ஒரே ஒரு சிக்கல். வார்த்தையில் ரெண்டு அர்த்தம் இருந்தாலும், கேட்பவர் காதில் விழுவது பெரும்பாலும் சத்தமான அர்த்தம் மட்டும்தான். ரூம்மேட் கதவை அறைந்து சாத்தினால் "ஓவரா சீன் போடறான்" என்கிறோம். தங்கச்சி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினால் "திமிரு" என்கிறோம். எப்பவும் கலகலப்பாக இருந்தவன் ஒரு வாரமாக எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், க்ரூப்பில் இருந்து மெதுவாகக் கழற்றி விடுகிறோம். கோபம் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னால் இருக்கும் அரியரோ, வீட்டுக் கடனோ, யாரோ நாலு பேர் முன்னால் சொன்ன ஒரு வார்த்தையோ தெரிவதில்லை.

அதனால் அந்தச் செத்த வார்த்தையைப் பின்னாலிருந்து முன்னால் படித்துப் பாருங்க. மேலே தெரிவது கோபமோ சோகமோ, எதுவாக இருந்தாலும், அடியில் பழைய ஆங்கிலத்தின் முதல் அர்த்தம் காத்திருக்கலாம். யாரோ தந்த காயம்! பியர்ஸ் கடிதத்தைக் கிழித்தபோது அவன் தோளில் கை போட்டு யாரும் கேட்கவில்லை. பாதிரியார் அவனோடு வாக்குவாதம்தான் செய்தார்.

உங்க ஃப்ரெண்ட் அடுத்த முறை வள்ளென்று விழுந்தால் பதிலுக்குக் கத்தாதீங்க. அரை மணி நேரம் கழித்து, கேன்டீனுக்குக் கூட்டிப்போய் ரெண்டு டீ சொல்லிவிட்டு, மெதுவாகக் கேளுங்க: "என்னடா ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

அட்டெண்டன்ஸுக்காக டீன் கூப்பிட்டு அனுப்பியிருக்கார் என்பதுதான் பதில் என்றால், அது வேற டீன். அதற்கு மட்டும் நம்மகிட்ட மருந்து இல்லை!